அடுத்த ஊர்ப் பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும்

விழுப்புரம், திண்டிவனம் கட்டடப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர் நண்பர்களே,

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அலுவலகம் வைத்து பிளான் போடுகிறவர்கள், ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறவர்கள், வரைபடத்தின் மூலையில் முத்திரை குத்திக் கையெழுத்திடுகிறவர்கள், அரசு அலுவலகங்களில் உட்கார்ந்து அந்த வரைபடங்களுக்கு ஒப்புதல் தருகிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் இதே தொழிலில் பிழைப்பவன். கல்லூரி மாணவர் விடுதிகளின் வரைபடங்களை நாம் சரிபார்க்கிற முறை போதாது. அதை மாற்ற அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாமே மாற்றலாம். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நம் மாவட்டம் பிள்ளைகள் படிக்க வந்து தங்குகிற மாவட்டமாகிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அரசு சட்டக் கல்லூரி. திண்டிவனத்தில் திரு ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. நெடுஞ்சாலையை ஒட்டித் தனியார் கல்லூரிகள். சமூகநீதி விடுதிகள் என்று 2025இல் பெயர் மாற்றம் பெற்ற அரசு விடுதிகளும், அறக்கட்டளைகள் கட்டும் விடுதிகளும், வீட்டுக்கு அனுமதி வாங்கி மாடி மேல் மாடி ஏற்றி விடுதியாக்கிய கட்டடங்களும் இங்கே உண்டு. செஞ்சி, மரக்காணம், திருவெண்ணெய்நல்லூர், கல்வராயன் மலை என்று எங்கெங்கிருந்தோ வருகிற பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைகள், இந்தக் கூரைகளுக்குக் கீழேதான் தூங்குகிறார்கள்.

ஒருவர் சொந்த வீடு கட்டும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையிலும் மாலையிலும் தளத்துக்கு வந்து நிற்பார். கம்பியை எண்ணுவார். கான்கிரீட் போட்ட மறுநாள் முதல் தானே குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவார். மேஸ்திரியை ஆயிரம் கேள்வி கேட்பார். அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவருக்கும் கேட்க ஒரு உரிமை உண்டு, பணம் அவருடையது. விடுதியில் அப்படி யார் இருக்கிறார்கள்? பணம் போடுகிற நிர்வாகம் அங்கே தூங்கப் போவதில்லை. கட்டுகிற ஒப்பந்ததாரர் பில் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தூங்கப் போகிற பிள்ளை, வரைபடம் போடும் நாளில் ஒன்பதாம் வகுப்பில் எங்கேயோ படித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்காகப் பேச அந்த மேசையில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அது கையெழுத்திடுகிற நீங்கள்.

ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முன் நடக்கிற சரிபார்ப்பு எப்படி இருக்கிறது? நான் பார்த்த வரையில், செட்பேக் எத்தனை அடி, சாலை எத்தனை அடி, வண்டி நிறுத்த இடம் உண்டா, மொத்தப் பரப்பு விதிக்குள் வருகிறதா என்பதையெல்லாம் அளந்து பார்க்கிறோம். பில்லரின் கணக்கை, பீமின் கணக்கை, அதைப் போட்டவரைத் தவிர இரண்டாவதாக ஒருவர் முழுதும் போட்டுப் பார்ப்பது அரிது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயரக் கட்டடம். கூடுதல் ஆய்வும் கெடுபிடியும் அதற்குத்தான். நம் ஊர் விடுதிகள் தரைத்தளமும் மூன்று நான்கு மாடிகளுமாக அந்த அளவுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. முந்நூறு பேர் ஒரே இரவில் தூங்கும் கட்டடம், உயரம் போதவில்லை என்பதற்காக ஒற்றைக் கையெழுத்தோடு எழும்பிவிடுகிறது. இதை நாம் சரி என்று ஏற்கக் கூடாது.

சென்னை மௌலிவாக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஜூன் 28, மழை பெய்த மாலை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒட்டுமொத்தமாகத் தரையில் அமர்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கூலித் தொழிலாளிகள். இடி விழுந்தது என்றார்கள் முதலில். நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தது. கட்டமைப்பு வடிவமைப்பிலேயே குறை இருந்ததும், தூண்கள் சுமையைத் தாங்கும் வலுவோடு இல்லாததும் வெளியே வந்தன. பக்கத்தில் அதே திட்டத்தில் எழுந்து நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் இருந்த பிழையைக் காகிதத்திலேயே ஒருவர் கண்டுபிடித்திருந்தால் ஒரு பென்சில் கோட்டோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதில்தான் நம் தினசரி வேலை இருக்கிறது. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி நகரத்து ஹயாட் ரீஜன்சி ஓட்டலில் 1981 ஜூலை 17 இரவு, கூடத்துக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதலில் வரைந்தபடி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போடுவது சிரமம் என்று, மேல் பாலத்துக்கு ஒரு கம்பி, அதிலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொரு கம்பி என்று மாற்றினார்கள். கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் கீழ்ப் பாலத்தின் எடையும் மேல் பாலத்து இணைப்பின் மீது ஏறிவிட்டது. அந்த இணைப்புக்குச் சுமை இரட்டிப்பானது. மாற்றிய வரைபடம் பொறியாளரின் முத்திரையோடு போனது. கணக்கை யாரும் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் பிறகு உரிமத்தை இழந்தார்கள்.

நம் தளங்களில் இப்படிப்பட்ட மாற்றங்கள் எத்தனை நடக்கின்றன என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ‘சார், இந்த பில்லர் டைனிங் ஹாலுக்கு நடுவுல வருது, எடுத்துடலாமா?’ ‘16 எம்எம் கம்பி கடையில இல்ல, 12 போட்டுக்கலாமா?’ ‘இன்னும் ஒரு மாடி ஏத்திக்கலாம்னு சேர்மன் சொல்றாரு.’ தொலைபேசியில் கேட்கிறார்கள், தொலைபேசியிலேயே சரி என்கிறோம். வரைபடம் மாறுவதில்லை, கணக்கும் மாறுவதில்லை, கட்டடம் மட்டும் மாறிவிடுகிறது.

விடுதி என்பது பெரிய வீடு என்று நினைத்து வரைகிற பழக்கத்திலிருந்துதான் பல பிழைகள் வருகின்றன. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்தால் 300 மாணவர்களுக்கு 40,500 லிட்டர். தொட்டியின் எடையைச் சேர்க்காமலே 40 டன். இந்தச் சுமை எந்தத் தூண்களின் தலையில் இறங்குகிறது என்பது அடித்தளம் தோண்டும் முன்பே வரைபடத்தில் இருக்க வேண்டும். கூரை போட்டு முடித்த பிறகு, பிளம்பர் வசதிப்படி ஒரு மூலையில் சிண்டெக்ஸ் தொட்டிகளை வரிசையாக ஏற்றியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மூலைக்குக் கீழே இருக்கும் அறையில் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பால்கனியும் அப்படித்தான். இந்தியத் தரநிலை 875இன் இரண்டாம் பகுதி, விடுதியின் படுக்கை அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நடைவழிக்கும் மாடிப்படிக்கும் குறைந்தது 300. பால்கனிக்குக் குறைந்தது 400. ஏன் அறையைவிட பால்கனிக்கு இரண்டு மடங்கு? கல்லூரி விழா நடக்கும் இரவில், கீழே மைதானத்தில் பந்தாட்டம் நடக்கும் மாலையில், ஒரு மாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கே வந்து நிற்பார்கள் என்று தரநிலை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். நாம் அறைக்குப் போட்ட கம்பியையே வெளியே நீட்டிவிட்டு பால்கனி என்கிறோம். அந்தக் கம்பியும் எங்கே இருக்கிறது? வெளியே நீட்டி நிற்கும் தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன் மேலேயே நடந்து போகிறார்கள். கீழே அதைத் தாங்கிப் பிடிக்கும் சேர் கம்பி போதிய அளவு இல்லையென்றால் அது அமுங்கிவிடும். 12.5 செ.மீ. தளத்தில் 5 செ.மீ. அமுங்கினால் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதி போய்விடும். சேர் கம்பி எத்தனை அடிக்கு ஒன்று என்று வரைபடத்தில் எழுதியிருந்தால் கம்பி கட்டுகிறவர் போடுவார். எழுதாததற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தரைத்தளத்தில் தூண் குறைந்த பெரிய உணவுக்கூடம், அதற்கு மேல் சுவர் நெருங்கிய அறைகள், இடையில் பீமின் மேல் எழும்பும் தூண்கள். இந்த அமைப்பு விடுதிகளுக்கு மிகப் பிடித்தமானது. நிலம் அசைந்தால் முதலில் தளர்வதும் இந்த மாதிரித் தரைத்தளம்தான். நம் பக்கம் நிலநடுக்கம் வராது என்று சொல்லும் நண்பர்களுக்கு 2001 செப்டம்பர் 25ஐ நினைவூட்டுகிறேன். புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் வந்தது. தூணின் ரிங் கம்பி முனையை 135 டிகிரி மடக்கி உள்ளே விடுங்கள் என்று தரநிலை சொல்வது அப்படிப்பட்ட நாளுக்காக.

இனி நான் மிகவும் கவலைப்படுவது. மகளிர் விடுதி. வரைபடத்தில் இரண்டு மாடிப்படிகள் இருக்கும். அப்படி இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். கட்டி முடித்த ஆறாம் மாதம் ஒரு படியில் கிரில் கேட் போட்டுப் பூட்டு தொங்கும். காரணம் கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். சன்னல்களில் எல்லாம் பற்றவைத்த கம்பி. மின் பலகை, அந்தத் திறந்திருக்கும் ஒரே படியின் அடியில். எரிவாயு உருளைகள் வைத்த சமையலறை, அதற்கு அடுத்த அறை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்தோமே, அங்கே தீ தொடங்கியது சமையல் கொட்டகையில். குழந்தைகள் தப்பிக்க முடியாமல் போனதற்குக் குறுகலான வழியும் ஒரு காரணம். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர் சங்கிலியில் கட்டப்பட்டபடியே எரிந்தார்கள். உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்கு என்று சொல்லிப் போடுகிற பூட்டு தீப்பிடித்த இரவில் என்ன செய்யும் என்று இந்த மாநிலத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இது வார்டன் பொறுப்பு, நமக்கென்ன என்று நீங்கள் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு படிகளையும் சுற்றுச்சுவருக்குள்ளேயே இறங்கவிட்டு, வெளிவாசலில் மட்டும் காவலாளியை வைக்கும்படி வரைந்திருந்தால், நடுவில் யாரும் பூட்டுப் போட வேண்டிய தேவையே வராது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றை வரைபடத்திலேயே குறித்துவிடலாம். பெற்றோரின் அச்சம் உண்மையானது. அதற்கு விடை கண்டுபிடிப்பது வடிவமைப்பவரின் வேலை. விடை தராமல் நாம் விட்டுவிட்ட இடத்தில்தான் வார்டன் பூட்டை மாட்டுகிறார்.

மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. தென்பெண்ணை பெருகி அரசூரில் நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு நீங்கள் போட்ட விடுதி வரைபடத்தில் தரைமட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது? ஜெனரேட்டரும் மின் பலகையும் எங்கே இருக்கின்றன? குடிநீர் சம்ப்பின் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, செப்டிக் டேங்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? மண் பரிசோதனையையும் சேர்த்துச் சொல்கிறேன். திண்டிவனம், பெருமுக்கல் பக்கம் சில இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். விழுப்புரத்தைச் சுற்றி ஏரிப் பாசன வயல்களின் களிமண். பக்கத்து மனைக்கு எடுத்த மண் அறிக்கையின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவது நம் தொழிலில் நடக்கிறது. அது நிற்க வேண்டும்.

சரிபார்க்கிறவர் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் 4,500 மாணவர்களுக்கு ஒரே கட்டடத்தில் விடுதி கட்டத் திட்டமிட்டார்கள். கோடீஸ்வரர் சார்லி மங்கர் 20 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். தன் வடிவமைப்பு மாறக் கூடாது என்பது நிபந்தனை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட அறைகளுக்கு சன்னலே கிடையாது. பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வுக் குழுவில் பல ஆண்டுகள் இருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபாடன், 2021 அக்டோபரில் கடிதம் எழுதி வைத்துவிட்டு விலகினார். செய்தி பரவியது, மாணவர்கள் எழுந்தார்கள், 2023இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அவருடைய கையெழுத்து கிடைத்திருந்தால் அந்தக் கட்டடம் ஒருவேளை எழுந்திருக்கும். பணம் கொடுக்கிறவர் பெரியவர் என்பதால் ஆய்வு செய்கிறவர் சிறியவராகிவிட மாட்டார்.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். நானும் அவற்றோடுதான் வாழ்கிறேன். கட்டணம் குறைவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, அதிலும் பாதியை இழுத்தடித்துத் தருகிறார்கள். இரண்டாவது ஆய்வு என்றால் ‘நீ செய்து தர முடியாவிட்டால் வேறு ஆள் இருக்கிறார்’ என்கிறார்கள். உண்மைதான், வேறு ஆள் இருக்கிறார். அந்த வேறு ஆளும் இந்த மடலைப் படிக்கிறவர்களில் ஒருவர்தான். எல்லோரும் ஒரே நாளில் ஒரே சொல்லைச் சொன்னால் வேறு ஆள் என்று ஒருவர் இருக்க மாட்டார். ஒரே ஊரில் தொழில் செய்துகொண்டு ஒருவர் கணக்கில் இன்னொருவர் பிழை சொன்னால் மனத்தாங்கல் வரும், வாடிக்கையாளரைப் பறிக்கப் பார்க்கிறார் என்ற பேச்சு வரும் என்பதும் உண்மை. அதனால்தான் நான் கேட்கப்போவது இரண்டு ஊர்களையும் சேர்த்து.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. விழுப்புரத்தில் கட்டப்போகும் ஒவ்வொரு மாணவர் விடுதியின் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் கணக்கையும் மண் அறிக்கையையும், அடித்தளம் தோண்டும் முன், திண்டிவனத்துப் பொறியாளர் ஒருவர் தானாகக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். திண்டிவனத்து விடுதியை விழுப்புரத்துப் பொறியாளர் பார்க்கட்டும். பார்க்கிறவருக்கு அந்தக் கட்டடத்தில் வேறெந்த வருமானமும் இருக்கக் கூடாது. முதல் பொறியாளரின் வாடிக்கையாளரிடம் அவர் வேலை கேட்கவும் கூடாது. குறைகளை முதல் பொறியாளரிடம் மட்டும் எழுத்தில் சொல்லட்டும். அவரும் எழுத்தில் பதில் தரட்டும். ஒத்துப்போகவில்லையென்றால் கட்டமைப்புப் பொறியியல் கற்பிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் இருவரும் போகட்டும். ஆய்வுக் கட்டணத்தை வடிவமைப்புக் கட்டணத்தோடு சேர்த்தே முதல் நாளில் நிர்வாகத்திடம் பேசிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. வேலை நடக்கும்போது வருகிற ஒவ்வொரு மாற்றமும், அது ஒரு தூணை நகர்த்துவதாக இருந்தாலும் ஒரு தொட்டியை இடம் மாற்றுவதாக இருந்தாலும், இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் தளத்துக்குப் போகக் கூடாது. தொலைபேசியில் சரி சொல்வதை இன்றோடு விடுங்கள்.

அரசு அலுவலகங்களில் இருக்கும் பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 18.30 மீட்டருக்குக் கீழே உள்ள விடுதிகளுக்கு இரண்டாவது கையெழுத்தைக் கேட்க உங்களை விதி கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், கோப்பில் அது இருக்கிறதா என்று ஒரு வரி கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினாலே நிர்வாகங்கள் கொண்டுவரத் தொடங்கிவிடும். ஏற்கெனவே மாணவர்கள் குடியிருக்கும் விடுதிகளில் பூட்டிய படிகளையும் கூரைத் தொட்டிகளையும் மட்டுமாவது ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

இரு ஊர்ப் பொறியாளர்களும் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியலை ஒரே தாளில் எழுதி இரு ஊருக்கும் கொடுங்கள். என் பெயரை அதில் முதலில் எழுதிக்கொள்ளலாம். வரும் கல்வியாண்டுக்காக இப்போது உங்கள் மேசையில் இருக்கும் விடுதி வரைபடத்தை, முத்திரை குத்தும் முன், அடுத்த ஊருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து, உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவன்